பூமர்னா யாரு? தெரிஞ்சுதான் பேசுறீங்களா?

வெட்டிஆபீசர்:
ஒரு போஸ்ட்ல எழுத்துப்பிழைய சொன்னேன், உடனே ஒரு தம்பி "பூமர் அங்கிள் கெளம்புங்க"ன்னு போட்டுட்டு போறாரு. நான் 90ல பொறந்தவன்யா. பூமர்னா ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சப்புறம் 1946லேருந்து 1964க்குள்ள பொறந்தவங்க. இது தெரியாம எதுக்கு எடுத்து வீசுறீங்க?

ரீல்ஸ்ராசா:
ப்ரோ அதெல்லாம் வயசுக் கணக்கா இருந்த காலம் போயிடுச்சு, இப்ப கேக்காமலே அட்வைஸ் பண்ற யாரா இருந்தாலும் பூமர்தான், இருபது வயசுலயே பூமரா சுத்துறவன்லாம் இருக்கான். நீங்க பொறந்த வருஷத்த ஆதாரமா காட்டுறீங்க பாருங்க, அதுவே செம பூமர்தனம்.

வெட்டிஆபீசர்:
ஆளாளுக்கு ஒரு அர்த்தம் வச்சுகிட்டா கேமரூன் கதைதான். பிரிட்டன் பிரதமரா இருந்த டேவிட் கேமரூன், லோல்னா (சத்தமா சிரிக்கிறேன், "லாஃபிங் அவுட் லவுட்") "லாட்ஸ் ஆஃப் லவ்", அதாவது நெறைய அன்புன்னு நெனச்சு மெசேஜ் கடைசில போட்டு அனுப்பியிருக்காரு. 2012ல ஒரு விசாரணைல இது வெளிய வந்து ஊரே சிரிச்சுது.

ரீல்ஸ்ராசா:
அது ஒருத்தர் தனியா நெனச்சுகிட்டது, இது எல்லாரும் சேர்ந்து மாத்துனது, ரெண்டும் ஒண்ணா? ட்ரோல எடுத்துக்குங்க. யூஸ்நெட்னு பழைய இன்டர்நெட் விவாத குரூப்புங்க இருந்த காலத்துல வேணும்னே வம்பா ஒண்ண எழுதி, விவரம் தெரியாதவன் வந்து பதில் சொல்றானான்னு தூண்டில் போடுறதுக்குத்தான் அந்த பேரு. இப்ப கலாய்ச்சாலே ட்ரோல். நீங்களே "அந்தப் படத்த ட்ரோல் பண்றானுங்க"ன்னு எழுதிருக்கீங்க, ஸ்க்ரீன்ஷாட் போடவா?

கடைசிபெஞ்ச்:
சைடுல ஒண்ணு. ஓஎம்ஜி, அதான் "ஓ மை காட்", இந்தக் கால பசங்க கண்டுபிடிச்சதுன்னு நெனச்சா தப்பு. 1917லயே பிரிட்டன் கடற்படை அட்மிரல் ஃபிஷர் சர்ச்சிலுக்கு எழுதுன லெட்டர்ல இருக்கு. சரி, நீங்க அடிச்சுக்குங்க.

மல்லிகா_அக்கா:
எங்க குடும்ப குரூப்ல நான் ஜோக் போட்டா அக்கா பொண்ணு மண்டையோடு எமோஜி போடுவா, சிரிச்சே செத்துட்டேன்னு அர்த்தமாம். பெரியப்பா அதே எமோஜிய ஒரு இரங்கல் செய்திக்குக் கீழ வரிசையா மூணு வச்சுட்டாரு, அவருக்கு அது துக்கம். பசங்க ஒருத்தரும் வாயத் தெறக்கல.

வெட்டிஆபீசர்:
பாத்தீங்களா, அவருக்கு யாராவது அர்த்தம் சொல்லியிருக்கணும்ல? சொன்னா பூமர்ங்கிறீங்க.

ரீல்ஸ்ராசா:
தனியா மெசேஜ்ல சொன்னா அண்ணன், நாலு பேர் முன்னாடி கமெண்ட்ல சொன்னா பூமர். அவ்ளோதான் ப்ரோ ரூல்.