சிண்டர்க்ளாஸ் ‘சர்ப்ரீஸ்’ செய்வது எப்படி? (நெதர்லாந்து)

வைகை:
ஐந்தோவனில் மகள் டச்சுப் பள்ளியில் க்ரூப் 6. டிசம்பர் 5 சிண்டர்க்ளாஸுக்கு (‘சிண்ட்’ என்ற வெள்ளைத்தாடித் தாத்தா பிள்ளைகளுக்குப் பரிசு தருவதாகச் சொல்லும் டச்சு விழா) வகுப்பில் சீட்டு எடுத்ததில் ஒரு பையன் பெயர் வந்திருக்கிறது. பரிசு 5 யூரோவுக்குள், கூடவே ஒரு ‘சர்ப்ரீஸ்’, ஒரு கவிதை. சீட்டில் கால்பந்து, கலர் பேனா என்று எழுதியிருக்கிறான். வண்ணத்தாளில் சுற்றிக் கொடுத்தால் போதாதா? வீட்டில் க்ரூப் 2 (5-6 வயது) படிக்கும் தம்பியும் இருக்கிறான்.

கூழ்க்காகிதம்:
போதாது. மற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு பொம்மையைக் குடைந்து தேடும்போது அந்தப் பையன் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பான். பரிசை ஒளித்து வைக்கிற உருவம்தான் சர்ப்ரீஸ். அது பரிசு பெறுகிறவருக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். பந்தே செய்துவிடுங்கள்.

உருண்டை பலூனை 20 செ.மீ. அளவுக்கு ஊதுங்கள். 1 கப் மைதா, 4 கப் தண்ணீர், பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு ஸ்பூன் உப்பு: கட்டி தட்டாமல் காய்ச்சி ஆறவிடுங்கள். செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள், கிழிந்த ஓரம்தான் படிந்து ஒட்டும். அந்தப் பசையில் நனைத்து பலூன்மேல் மூன்று அடுக்கு ஒட்டுங்கள், ஒவ்வொன்றும் காய ஒரு நாள். அவசரத்தில் ஹீட்டர்மேல் வைக்காதீர்கள். சூட்டில் பலூன் உப்பி, ஆறியதும் சுருங்கும். ஈரத்தாளும் கூடவே மடங்கிவிடும். நன்றாகக் காய்ந்தபின் பலூனைக் குத்தி எடுத்து, அடியில் மூடிபோல வெட்டி, பரிசை பிளாஸ்டிக்கில் சுற்றி உள்ளே வைத்து ஒட்டிவிடுங்கள். அதன்பிறகு வெள்ளை பெயிண்ட், 12 கருப்பு ஐங்கோணங்கள்.

இயைபு:
நாலு நாள் கையில் இல்லையென்றால் பலூன் பந்து வேண்டாம். ஷூ பெட்டியை மைதானமாக்குங்கள்: பச்சைத்தாள், இரண்டு கோல் கம்பம், ‘புல்’லுக்கு அடியில் கிழித்த காகிதக் குவியல், அதற்குள் பேனா. சிலர் மாவு, சிரப் ஊற்றிக் கையை நனைக்க வைப்பார்கள். வகுப்பறையில் அது தொல்லை.

என்னைக் கேட்டால் கவிதைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பரிசைப் பிரிக்குமுன் அவனே அதை எல்லார் முன்னும் சத்தமாக வாசிப்பான். 8 முதல் 12 வரி போதும். எதுகை மோனை தேவையில்லை, இரண்டிரண்டு வரிக்கு இயைபு கட்டாயம். வழக்கமான தொடக்கம் ‘டெங்கன் – ஸ்கெங்கன்’ ஜோடி: உனக்கு என்ன கொடுப்பதென்று சிண்ட் உட்கார்ந்து யோசித்தாராம். தமிழில் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் இயைபு போய்விடும், மகளே டச்சில் யோசிக்கட்டும். கிண்டல் உண்டு, ஆனால் பந்தைக் கூரைமேல் உதைத்தது மாதிரி விஷயத்தோடு நிற்கட்டும். உடம்பு, மார்க், வீட்டு வசதி, இந்த மூன்றையும் தொடவே கூடாது. கடைசி இரண்டு வரியில் எங்கே தேடுவது என்று ஒரு குறிப்பு. கையெழுத்து ‘சிண்ட்’, மகள் பெயர் எங்கும் வரக்கூடாது.

மரக்காலணி:
தம்பி விஷயத்தில் கவனம். அந்த வயதுப் பிள்ளைகள் சிண்ட் நிஜம் என்றே நம்புவார்கள். அவன் தூங்கியபின் வேலை செய்யுங்கள். பள்ளிக்குக் கருப்புக் குப்பைப் பையால் மூடிக் கொண்டுபோங்கள்: மழைக்கும் ஆச்சு, யார் கொண்டுவந்தது என்றும் தெரியாது. பையன் பெயரை வெளியில் மட்டுமல்ல, பரிசுமேலும் எழுதுங்கள், சீட்டு உதிர்ந்துவிடும்.

தம்பிக்கு இரவில் ஷூ வைக்கச் சொல்லுங்கள், உள்ளே சிண்டின் குதிரைக்கு ஒரு கேரட். காலையில் கேரட் இருக்கக் கூடாது, பதிலுக்கு அவன் பெயரின் முதல் ஆங்கில எழுத்து வடிவத்தில் சாக்லேட். அரிய எழுத்துகள் எல்லாக் கடையிலும் கிடைக்காது, முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அக்காவுக்கும் ஒன்று வாங்கினால் ஒரே கம்பெனியில், ஒரே அளவில் பாருங்கள்: ‘ஐ’ ஒல்லியாகத் தெரிந்தாலும் தடிமனாக வார்ப்பதால் ‘எம்’மின் எடைதான் இருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் கிராமைக் காட்டினால் சண்டை வராது.