டார்மிகனுக்கு முன்னால் ஒரு ‘பி’ எதற்கு?

எழுத்தாணி:
டார்மிகன் ஒரு பறவை. ஸ்காட்லாந்தின் உயரமான மலைகளில் வாழும், குளிர்காலத்தில் வெள்ளை வெளேரென்று மாறிவிடும். ஆங்கிலத்தில் இதன் பெயரை ‘பி’யில் தொடங்கி (ptarmigan) எழுதுகிறார்கள், உச்சரிப்பதோ ‘டி’யிலிருந்து. மூலச் சொல் ஸ்காட்லாந்து மலை மக்களின் கேலிக் மொழியிலுள்ள ‘டார்மஹன்’. அதில் ‘ப’ ஒலியே இல்லை. 1684-இல் ராபர்ட் சிபால்ட் என்ற மருத்துவரின் நூலில்தான் இந்த ‘பி’ நுழைந்தது. இறகைக் குறிக்கும் ‘ப்டெரோன்’ என்ற கிரேக்கச் சொல்லோடு முடிச்சுப் போட்டதால் வந்த வினை. இன்னுமா இதைச் சுமக்க வேண்டும்?

பழஞ்சொல்:
சுமந்தால் என்ன நண்பரே? கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் (debt) வரும் ‘பி’யும் (b) அறிஞர்கள் நுழைத்ததுதானே?

எழுத்தாணி:
அது வேறு. ‘டெட்’டின் மூலம் லத்தீன் ‘டெபிடும்’. அந்த எழுத்துக்கு வேர் இருக்கிறது, இதற்கு இல்லை.

பழஞ்சொல்:
சரி, ‘ஐலண்ட்’டில் (island) உள்ள ‘எஸ்’? பழைய ஆங்கிலச் சொல்லில் அது கிடையாது. லத்தீன் வழி வந்த ‘ஐல்’ (isle) என்ற சொல்லைப் பார்த்துச் சேர்த்துவிட்டார்கள். அதை யாரும் நீக்கச் சொல்வதில்லையே. தவறாக வந்த எழுத்தும் சில நூற்றாண்டுகள் புழங்கினால் அந்தச் சொல்லுக்கே சொந்தம்.

எழுத்தாணி:
தவறான எழுத்து சும்மா இருக்காது, உச்சரிப்பையும் இழுக்கும். எழுத்தாளரைக் குறிக்கும் ‘ஆதர்’ (author) என்ற சொல்லைப் பாருங்கள். லத்தீன் மூலம் ‘அவுக்டோர்’. கிரேக்கம் என்று நினைத்து ‘எச்’ சேர்த்தார்கள், பிறகு ‘ட’ ஒலியே மாறிப்போனது.

பழஞ்சொல்:
நல்ல உதாரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே அது நடக்காது. ஆங்கிலச் சொல் எதுவும் ‘ப்ட’ ஒலியில் தொடங்குவதில்லை. அழிந்துபோன பறக்கும் ஊர்வனவான டெரோடாக்டிலின் (pterodactyl) ‘பி’ நிஜமான கிரேக்க ‘பி’, அதையே யாரும் ஒலிப்பதில்லை!

மலைவாசி:
அலாஸ்காவில் ‘சிக்கன்’ என்று ஓர் ஊர் இருக்கிறது. முதலில் டார்மிகன் என்று வைக்கத்தான் நினைத்தார்களாம்; எழுத்துக்கூட்டலில் ஒத்துப்போக முடியாமல் சிக்கன் என்று வைத்துவிட்டார்கள் என்பது அங்கே வழங்கும் கதை.

எழுத்தாணி:
என் ஆதங்கம் எழுத்துக்கூட்டல் சிரமம் பற்றியது அல்ல. அந்த ‘பி’யைப் பார்க்கிறவர் இதைக் கிரேக்கச் சொல் என்றே நம்புவார். அந்தப் பறவைக்குப் பெயர் வைத்த மலை மக்களின் மொழி கண்ணிலேயே படாது.

பழஞ்சொல்:
அது நியாயமான வருத்தம். ஆனால் கேலிக்கில் இன்றும் ‘டி’யில்தான் எழுதுகிறார்கள், அங்கே யாரும் ‘பி’ சேர்க்கவில்லை. ஆங்கில எழுத்தை மாற்ற வேண்டாம். சொல்லைக் கற்றுத்தரும்போதே கேலிக் வடிவத்தையும் பக்கத்தில் எழுதிக் காட்டலாம்.

எழுத்தாணி:
காட்டட்டும். ‘பி’ விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.