உகந்தைக் கரையில் ஆடி மாதத்துப் பூக்கள்

கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கிற காலத்தில் எங்கட கிழக்கிலங்கைப் பக்கம் எல்லாமே காய்ந்து கிடக்கும், பூ எங்கே இருக்கப்போகுது என்று கேட்கிறவர்கள் ஒருதரம் பொத்துவிலில் இருந்து பாணமை தாண்டி உகந்தைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே முருகன் கோயிலுக்கு வருகிறவர்கள் மலையையும் கடலையும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், காலடியில் பூத்திருப்பதையும் மரக்கொப்பில் இருக்கும் ஓர்க்கிட்டையும் பார்ப்பவர்கள் குறைவு.

நான் போன நேரம் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் காட்டுப்பாதை திறக்கும்வரை அங்கே தங்கியிருந்தார்கள். விடிந்ததும் பாறைப் பக்கம் இறங்கிவிட்டேன், ஏனென்றால் அடம்பன் பூவை வெயில் ஏறமுதல் பார்க்க வேண்டும், பின்னேரம் போனால் சுருண்டுவிடும். ஊதா நிறம், உள்ளே போகப் போக இன்னும் கடும் ஊதா. கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. நான் குனிந்து பார்ப்பதைக் கண்ட ஒரு அம்மா, “மனே, அந்த இலைய வாட்டிக் கட்டினா கால் வீக்கம் வத்தும்” என்றார். நடந்தே வந்தவர், சொன்னதில் அனுபவம் இருக்கும்.

கொஞ்சம் மேலே இராவணன் மீசை என்ற முள்ளுப் புல். அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் முள்ளுருண்டை காய்ந்ததும் கழன்று காற்றோடு மணலில் உருண்டு போய்த்தான் விதையைப் பரப்புகிறது.

சரி, நான் சொல்ல வந்தது ஓர்க்கிட் பற்றி. மணல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பாலைமரக் கொப்பில் வண்டா என்ற ஓர்க்கிட் பூத்திருந்தது. இதழின் முதுகு வெள்ளை, உள்பக்கம் மஞ்சளில் பழுப்புக் கட்டம் கட்டமாக, நடுவில் நாக்குப் போன்ற இதழ் மட்டும் நீலம் கலந்த ஊதா. கிட்டப் போனால் நல்ல வாசம். வெளியே தொங்கிய வேர் சாம்பல் வெள்ளையாக இருந்தது, போத்தல் தண்ணீரைக் கொஞ்சம் தெளித்ததும் பச்சையாகிவிட்டது. அந்த வேரின் மேல்தோல் பஞ்சு போன்றது, பனியையும் மழையையும் அப்படியே உறிஞ்சி வைக்கும். அது மரத்தில் ஒட்டி நிற்கிறதே தவிர மரத்தின் சாறை எடுப்பதில்லை.

தயவுசெய்து இதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். இதன் விதை தூசி அளவுதான், உள்ளே சாப்பாடு கிடையாது, ஏற்ற பூஞ்சணம் சேர்ந்தால்தான் முளைக்கும். ஒன்றைப் பிடுங்கினால் அந்த இடத்தில் இன்னொன்று வருவது லேசில்லை. அங்கால் குமண தேசிய பூங்கா, அதற்குள் ஒரு செடியைப் பிடுங்குவதும் சட்டப்படி குற்றம்.

பாணமைப் பக்கமோ வாகரைப் பக்கமோ யாராவது வண்டாவைக் கண்டிருந்தால், எந்த மாதம், எந்த மரம் என்று மட்டும் எழுதுங்கள், சரியான இடத்தைச் சொல்ல வேண்டாம்.