லாக்அவுட்டுக்குப் பிறகும் ஓடும் புராசஸ்கள்: கொல்லலாமா, விடலாமா?

ஐந்துரோடு_லேப்:
சேலத்தில் ஒரு கல்லூரியின் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். மாணவர்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புட்டி என்ற ரிமோட் லாகின் புரோகிராம் வழியாக ஒரே லினக்ஸ் சர்வருக்குள் வருகிறார்கள். ஓஎஸ் பாடத்தில் ஃபோர்க் பயிற்சி, அதாவது ஓடும் புரோகிராம் (புராசஸ்) தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கும் பயிற்சி, வந்தாலே தலைவலிதான். உருவாக்கிய பேரன்ட் முடிந்துவிடும், உருவான சைல்டு முடிவில்லாத லூப்பில் மாட்டிக்கொள்ளும். மாணவர் ஜன்னலை மூடிவிட்டுப் போய்விடுவார். அந்த அநாதை சைல்டு சிபியூவின் ஒரு கோரையே விழுங்கிக்கொண்டு ஓடும். அடுத்த பேட்ச் வந்தால் கம்பைல் செய்யவே திணறுகிறது.

அதனால் லினக்ஸில் சேவைகளையும் லாகின்களையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின்டி.கான்ஃப் கோப்பில், லாக்அவுட் ஆனதும் மிச்ச புராசஸ்களைக் கொல்லும் கில்யூசர்புராசஸஸ் என்பதை "யெஸ்" ஆக்கினேன். சர்வர் சுத்தமாகிவிட்டது. இப்போது ஆராய்ச்சி மாணவர்கள், டிமக்ஸில் (வெளியேறினாலும் டெர்மினலை ஓடவிடும் புரோகிராம்) விட்டுப்போன வேலையும் செத்துப்போகிறது என்று சண்டைக்கு வருகிறார்கள். லாக்அவுட் என்றால் வேலை முடிந்தது என்றுதான் அர்த்தம். தொடர வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகட்டும் என்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஏற்காடு_மூடுபனி:
முழுக்க மறுக்கிறேன் சார். நான் ஏற்காட்டில் இருந்துகொண்டு சேலத்தில் உள்ள ஒரு சர்வரில் வேலை செய்கிறேன். காப்பி இலைப் படங்களை வைத்து துரு நோயைக் கண்டுபிடிக்கும் மாடல் பயிற்சி. மழை பிடித்தால் இங்கே கரண்ட் போகும், நெட் போகும். நான் லாக்அவுட் செய்யவில்லை, லைன்தான் அறுந்தது. ஆனால் எஸ்எஸ்ஹெச் (ரிமோட் லாகின்) தொடர்பு போய்விட்டது என்று சர்வர் கண்டுகொண்ட நொடியில் அதன் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ராத்திரி முழுக்க ஓட வேண்டிய பயிற்சி பாதியில் சாகும்.

டிமக்ஸ் போன்றதான ஸ்கிரீன் 1987லேயே வந்துவிட்டது, டிமக்ஸ் 2007ல். இவை இருப்பதே தொடர்பு போனாலும் வேலை நிற்காமல் இருக்கத்தான். 2016 மே மாதம் சிஸ்டம்டி 230 வெளிவந்தபோது இந்த "யெஸ்"ஸை இயல்பு அமைப்பாக்கினார்கள். எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்று நினைவிருக்கும். டெபியன், ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள் தங்கள் பதிப்பில் "நோ" என்றே வைத்துக்கொண்டன. பல வருடப் பழக்கத்தை உங்கள் லேபின் ஃபோர்க் பயிற்சிக்காக உடைப்பது நியாயமில்லை.

ஐந்துரோடு_லேப்:
எதிர்ப்பு வந்தது உண்மைதான் மேடம். ஆனால் வெளியேறியவரின் மிச்சம் ஓடக்கூடாது என்று சிஸ்டம்டிக்காரர்கள் சொன்ன காரணம் தப்பு என்று யாரும் நிரூபிக்கவில்லை. பழைய முறையில் டெர்மினல் மூடும்போது ஹேங்அப் சிக்னல் போகும். அது முன்னால் ஓடும் வேலைக்கும், கட்டளைகளை வாங்கும் ஷெல்லுக்கும் போகும், ஷெல் தனக்குத் தெரிந்த வேலைகளுக்கு அனுப்பும். பேரன்ட் செத்த சைல்டைப் பற்றி ஷெல்லுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாமே புரோகிராமின் நல்ல நடத்தையை நம்பி ஓடுகிறது. சிஸ்டம்டி பயன்படுத்தும் சிகுரூப்பில், அதாவது ஒவ்வொரு செஷனின் (ஒருமுறை லாகின்) புராசஸ்களையும் லினக்ஸ் கெர்னல் ஒரு குழுவாக வைக்கும் முறையில், அப்படித் தப்ப முடியாது. எத்தனை முறை ஃபோர்க் ஆனாலும், யாருடைய செஷனில் பிறந்தது என்று கெர்னலுக்குத் தெரியும்.

இன்னொன்று: விட்டுப்போன எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட்டின் மெமரியில் மாணவரின் லாகின் சாவி அப்படியே கிடக்கும். பொது சர்வரில் அது ஆபத்து.

இளம்பிள்ளை_டிசைன்:
சேலைப் பட்டறைக்கு டிசைன் போடுகிறவன் நான். எங்கள் கம்ப்யூட்டரில் பெரிய படங்களை மாற்றும் ஸ்கிரிப்டை நோஹப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இந்த அமைப்பு "யெஸ்"ஸாக இருந்தால் நோஹப் காப்பாற்றாதா அண்ணா?

ஐந்துரோடு_லேப்:
காப்பாற்றாது தம்பி. நோஹப் ஹேங்அப் சிக்னலுக்கு மட்டும்தான் காதை மூடிக்கொள்ளும். இங்கே செஷனின் ஸ்கோப்பையே, அதாவது அதன் புராசஸ் குழுவையே நிறுத்துகிறார்கள். முதலில் முடித்துக்கொள் என்ற டெர்ம் சிக்னல், அதற்கும் அடங்காவிட்டால் கடைசியில் தடுக்கவே முடியாத கில்.

சரியான வழிக்கு இரண்டு படி. ஒன்று, லாகின்சிடிஎல் கட்டளையில் எனேபிள்-லிங்கர் (வெளியேறிய பிறகும் தங்க அனுமதி) கொடுத்து உங்கள் பெயரைப் பதிய வேண்டும். இரண்டு, வேலையை சிஸ்டம்டி-ரன் கட்டளையில் யூசர், ஸ்கோப் என்ற இரண்டு தேர்வுகளோடு தொடங்க வேண்டும். டிமக்ஸையும் அப்படித்தான். லிங்கர் மட்டும் போட்டுவிட்டு டிமக்ஸை வழக்கம்போலத் தொடங்கினால் அது பழைய செஷனுக்குள்ளேயே இருக்கும், சாகும். ஸ்கோப்பில் மட்டும் தொடங்கி லிங்கர் போடாவிட்டால், கடைசி செஷன் முடிந்து இயல்பாக 10 நொடியில் உங்கள் யூசர் மேனேஜரை (உங்கள் பெயரில் ஓடும் தனி சிஸ்டம்டி) நிறுத்துவார்கள், வேலையும் அதோடு போகும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

ஏற்காடு_மூடுபனி:
பார்த்தீர்களா, இதைத்தான் சொல்கிறேன். டிமக்ஸ் என்று ஒரு வார்த்தை அடித்த இடத்தில் இப்போது இரண்டு படி, அதில் ஒன்றை மறந்தாலும் ராத்திரி உழைப்பு போச்சு. புதிதாக வரும் ஆராய்ச்சி மாணவிக்கு இதை யார் சொல்லிக் கொடுப்பார்கள்? காலையில் வந்து பார்க்கும்போது எர்ரர் செய்தி கூட இருக்காது.

உங்கள் உண்மையான புகார் சிபியூவும் மெமரியும்தானே. அப்படியென்றால் ஒவ்வொருவருடைய யூசர் ஸ்லைஸுக்கும் (ஒருவரின் எல்லா புராசஸ்களும் அடங்கும் குழு) மெமரிமேக்ஸ், சிபியூகோட்டா வரம்பு போடுங்கள். லூப் ஓடட்டும், அடுத்தவர் இடத்தைத் தின்னாது. ஆளையே கொல்ல வேண்டியதில்லை.

ஐந்துரோடு_லேப்:
வரம்பு நல்ல யோசனை, போடுகிறேன். ஆனால் அது மட்டும் போதாது. ஒரு வகுப்பே ஆளுக்கொரு லூப் விட்டுவிட்டுப் போனால் வரம்புக்கு உட்பட்டே சர்வர் நிரம்பிவிடும்.

இளம்பிள்ளை_டிசைன்:
அக்கா, அண்ணா, ஒரு சந்தேகம். மாணவர்களுக்கு ஒரு சட்டம், ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு சட்டம் என்று பிரிக்க முடியாதா?

ஐந்துரோடு_லேப்:
முடியும். அதே கோப்பில் கில்எக்ஸ்குளூட்யூசர்ஸ் என்று ஒரு வரி உண்டு. அதில் எழுதிய பெயர்களின் செஷன்களைத் தொடமாட்டார்கள். ஒன்று கவனிக்கணும்: அந்த வரியே இல்லாதபோது நிர்வாகி கணக்கான ரூட்டுக்குத் தானாக விலக்கு உண்டு. நாமாக எழுதினால் ரூட்டையும் சேர்த்து எழுத வேண்டும். குரூப் பெயர் ஏற்காது, ஆள் ஆளாகத்தான் சேர்க்கணும்.

ஏற்காடு_மூடுபனி:
அப்படியென்றால் பாதி சமாதானம். இயல்பு "நோ"வாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. கொல்ல வேண்டியவர்களை மட்டும் எழுத கில்ஒன்லியூசர்ஸ் என்றும் ஒரு வரி இருக்கிறது. மாணவர் கணக்குகளை அதில் எழுதிவிட்டால் புதிதாகச் சேரும் ஆராய்ச்சியாளர் யாரும் தெரியாமல் அடிபடமாட்டார்கள்.

ஐந்துரோடு_லேப்:
ஒவ்வொரு வருடமும் மாணவர் பட்டியல் மாறுகிறது மேடம், ஆராய்ச்சிக்காரர்கள் சிலர்தான். சின்னப் பட்டியலைப் பராமரிப்பதுதான் எனக்கு ஒத்துவரும். கில்எக்ஸ்குளூட்யூசர்ஸில் அவர்கள் பெயர், மற்றவர்களுக்கு யூசர் ஸ்லைஸ் வரம்பும் "யெஸ்"ஸும். புதிதாகச் சேர்பவர் பெயரை கணக்கு திறக்கும்போதே நான் எழுதிவிடுகிறேன்.

ஏற்காடு_மூடுபனி:
சரி. அப்படியே லாகின் செய்ததும் வரும் அறிவிப்பில், வெளியேறினால் வேலை நின்றுவிடும் என்று தமிழில் பெரிதாகப் போடுங்கள். செமஸ்டர் நடுவில் மாற்றாமல், விடுமுறையில் சர்வரை ரீபூட் செய்யும்போது மாற்றுங்கள்.