மறு: என்ஜாம்ப்மென்ட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம்.

கவிதையில் அடி முடிந்தும் வாக்கியம் முடியாமல் அடுத்த அடிக்கு ஓடுவதுதான் என்ஜாம்ப்மென்ட். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை முழுக்கப் படித்தேன். இதுவரை வந்த பரிந்துரைகள் ஆற்றுநீர், வகையுளி, மாட்டு, தொடரடி, வரித்தாண்டல். முதல் மூன்றும் நம் இலக்கணத்தில் ஏற்கெனவே இருப்பவை. இருப்பதையே எடுத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் மூன்றுக்கும் வேறு வேலை இருக்கிறது.

> ஓர் அடியில் நிற்காமல் பொருள் அடுத்த அடிக்கு ஓடுவதுதானே ஆற்றுநீர்ப் பொருள்கோள்?

பொருள்கோள் என்றால் பாட்டின் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறை. பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நன்னூல் சொல்வதோ கிட்டத்தட்ட நேரெதிர். "மற்றைய நோக்காது அடிதொறும் வான்பொருள் அற்றற்று ஒழுகும்" என்பது சூத்திரம். அந்த 'அற்றற்று' முக்கியம், அடிக்கு அடி பொருள் முடிந்து முடிந்து போகவேண்டும். நாம் பெயர் தேடுவது அடி முடிந்தும் பொருள் முடியாமல் தொங்கும் இடத்துக்கு. இதற்கு ஆற்றுநீர் என்று எழுதிவைத்தால் யாப்பு தெரிந்த யாரும் நம் சொற்பட்டியலை அதற்கு மேல் படிக்கமாட்டார்கள்.

வகையுளி, சீர் பிரிக்கும்போது சொல் உடைவது. 'நீடுவாழ் வார்' என்பதில் வாழ்வார் உடைகிறதே, அதுதான். அடி எல்லைக்கும் அதற்கும் தொடர்பில்லை. தொல்காப்பியச் செய்யுளியலில் வரும் மாட்டு, தூரத்தில் கிடப்பதையும் பக்கத்தில் கிடப்பதையும் இணைத்துப் பொருள் முடிப்பது. அதுவும் இது இல்லை.

இதுவரை யாரும் சொல்லாத குளகம்தான் கொஞ்சம் கிட்டே வருகிறது. பல பாட்டுகள் சேர்ந்து ஒரே வினையில் முடிந்தால் அது குளகம் என்கிறது அணியிலக்கண நூலான தண்டியலங்காரம். அப்படியென்றால் பாட்டின் எல்லையைத் தாண்டுவதற்குப் பெயர் வைத்தவர்கள் அடியின் எல்லையைத் தாண்டுவதை ஏன் விட்டார்கள்? அது அவ்வளவு சாதாரணமாக நடந்தது என்பதால்தான் என்று நினைக்கிறேன். திருக்குறளின் முதல் குறளையே பாருங்கள்:

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு

'ஆதி' மேலே நிற்கிறது, அதோடு சேரவேண்டிய 'பகவன்' கீழே போய்விட்டது. அடுத்த குறளிலும் 'வாலறிவன்' என்று அடி முடிய, அவனுடைய 'நற்றாள்' அடுத்த அடியில் இருக்கிறது. இது நமக்கு உறுத்துவதே இல்லை, காரணம் எதுகை. அகர, பகவன் என்று ஓசை அடியின் தலையில் பொருந்துகிறது, அதனால் புது அடி வந்துவிட்டது என்று காதுக்கு அடியின் தொடக்கம்தான் சொல்கிறது. ஆங்கிலத்தில் வழக்கமான எதுகை அடியின் கடைசியில், நம் கணக்கில் இயைபு. அங்கே அடி முடியும் இடத்தில் ஓசை 'நில்' என்கிறது, வாக்கியம் 'நட' என்கிறது, அந்த இழுபறி தனியாகத் தெரிவதால் அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

புதுக்கவிதை வந்த பிறகு நமக்கும் தேவைப்படுகிறது. எதுகையும் இல்லை, சீர்க்கணக்கும் இல்லை, வரியை எங்கே உடைப்பது என்பது ஒன்றுதான் கவிஞர் கையில் மிச்சம். அதிலும் தமிழில் எதிர்மறைச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதால் இது கூர்மையான கருவி. சும்மா ஓர் உதாரணத்துக்கு:

நேற்றோடு எல்லாம் முடிந்து
விடவில்லை

முதல் வரியில் ஒன்றை நம்பவைத்து இரண்டாவதில் கவிழ்க்கலாம். (இதைக் கண்டுபிடித்ததும் எல்லா வரியிலும் செய்து நம்மைக் களைப்பாக்குகிறவர்களும் உண்டு, அது வேறு கதை.)

சரி, சொல்லுக்கு வருவோம். என் ஓட்டு 'அடிதாண்டல்'. பிரெஞ்சு மூலச்சொல் கால் என்ற சொல்லிலிருந்து வந்தது, காலை எட்டி வைத்துத் தாண்டுவது என்று பொருள். தமிழில் 'அடி' பாட்டின் அடியாகவும் காலடியாகவும் இருப்பதால் அந்தப் படம் தானாக வந்துவிடுகிறது, நாம் சிரமப்படவே வேண்டாம். 'இந்த இடத்தில் அடிதாண்டுகிறார்' என்று வினையாகவும் சொல்லலாம். தொடரடி என்பதில் அந்த வசதி இல்லை, அதோடு தொடர்ந்து வரும் அடி என்றுதான் முதலில் படும்.

> புதுக்கவிதையில் அடி ஏது? வரிதானே?

நியாயமான கேள்வி. குறளடி, சிந்தடி, அளவடி என்று இரண்டு, மூன்று, நான்கு சீர் எண்ணித்தான் யாப்பில் அடிக்குப் பெயர். ஆனாலும் 'அந்தப் பாட்டோட முதல் அடி என்ன?' என்று சீர் எண்ணாதவர்களும் கேட்கிறார்கள், அந்தப் பொதுவழக்கு நமக்குப் போதும். வரித்தாண்டலைப் பற்றி ஒன்றே ஒன்று: அதைக் கேட்டால் வருமானவரித் துறையிலிருந்து நோட்டீஸ் வரும் போலிருக்கிறது.

எதிர்ச்சொல்லும் வேண்டும், வாக்கியமும் அடியும் ஒரே இடத்தில் முடிவதற்கு. 'முற்றடி' என்று வைக்கலாம், வினைமுற்று பழகிய காதுக்கு உடனே புரியும். அதற்கு இணையாக மற்றதை 'எச்சவடி' என்று சொல்லலாமா என்று முதலில் யோசித்தேன், ஆனால் 'ஆதி' பெயரெச்சமும் இல்லை வினையெச்சமும் இல்லை, தேவையில்லாத குழப்பம் வரும்.

மறுப்பு இருந்தால் இதே இழையில் எழுதுங்கள். அடியின் நடுவில் வரும் நிறுத்தத்துக்கான சொல்லை, அதுதான் செசூரா, இதோடு கலக்கவேண்டாம். அதற்கு 'தனிச்சொல்' என்று பெயர் வைக்கலாம் என ஒருவர் எழுதியிருந்தார், வெண்பாவின் தனிச்சொல் வேறு என்பதால் அதைத் தனி இழையில் பேசலாம்.