கார் இன்சூரன்ஸ் க்ளெய்ம்: பாதிப் பணத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

போன மாதம் சிக்னலில் நின்றிருந்த என் காரைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்துவிட்டது. 2019 மாடல் செடான், முழு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது. போலீஸ் புகாரும் பதிவாகிவிட்டது.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வெளியிலிருந்து பார்த்துவிட்டு பம்பர், டெயில் லைட் மட்டும் எழுதினார். ஒர்க்‌ஷாப்பில் பம்பரைக் கழற்றியதும்தான் தெரிந்தது, உள்ளே டிக்கித் தரைத்தகடு மடங்கிக் கிடக்கிறது. டிக்கி மூடினால் இடப்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. கம்பெனியோ அது பழைய சேதம் என்கிறது. மடிப்பில் பெயின்ட் புதிதாக உரிந்திருக்கிறது, துருவே இல்லை, அப்புறம் எப்படிப் பழசாகும்?

கழற்றிய நிலையில் எடுத்த போட்டோக்கள், ஒர்க்‌ஷாப்பின் கூடுதல் எஸ்டிமேட் எல்லாம் மெயிலில் அனுப்பியாயிற்று. மறு சர்வேயும் சர்வே ரிப்போர்ட் நகலும் கேட்டேன், பதில் இல்லை. கஸ்டமர் கேரில் 'பரிசீலனையில் இருக்கிறது' என்ற ஒரே பாட்டு. இப்போது பம்பருக்கான தொகையை மட்டும் தருகிறோம், 'முழுத் தீர்வாக ஏற்கிறேன்' என்ற ரசீதில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள்.

'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டால், மீதித் தொகையைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்குமா?