பொருள்: குளிரில் வரும் தோல் லூபஸ் – தமிழில் என்ன பெயர்? (வெள்ளிக்குள் வேண்டும்)

உதகை, தோல் மருத்துவர்:
வணக்கம். மலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். உறைபனி தொடங்குமுன் பள்ளிகளுக்குப் போய்ச் சேர வேண்டும்; அச்சகம் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுக்கும்.

குளிரில் விரல் சிவந்து வீங்கி அரிப்பது இங்கே பிள்ளைகளுக்கு வருவதுதான். கதகதப்பாக வைத்திருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். அதே தோற்றத்தில் மிக அரிதாக வேறொன்று உண்டு. விரல், காது மடல், மூக்கு, கன்னம் இவற்றில் நீலமோடிய சிவப்புத் தடிப்பு. சிலருக்குப் புண்ணாகவும் உடையும். வெயில் காலத்தில் தணியும், அடுத்த குளிருக்குத் திரும்பும். சில்பிளெயின் லூபஸ் என்பார்கள். சில்பிளெயின் என்றால் குளிரால் வரும் புண்; லூபஸ் என்றால் உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் உடம்பையே தாக்கும் நோய். 1888இல் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்தது. சின்ன வயதிலேயே தொடங்கி, குடும்பத்தில் வழிவழியாக வரும் வகையும் இருக்கிறது. ட்ரெக்ஸ்1 என்ற மரபணுவின் பிழை அதற்குக் காரணம் என்று 2007இல் தெரியவந்தது. ஆசிரியருக்கு விளங்கும் பெயர் ஒன்று சொல்லுங்கள்.

கொடைக்கானல், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'கூதிர்ச் செம்முருடு'. செம்முருடு என்றால் சிவந்த தடிப்பு. கூதிர் என்னும் குளிர்காலம் குறிஞ்சிக்கு உரிய பொழுது, மலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. கூதிர், கூதல், கூம்பு, கூசு எல்லாம் சுருங்குதல் என்ற ஒரே வேரில் பிறந்தவை என்பது என் துணிபு. குளிரில் தோல் சுருங்குகிறது அல்லவா? நெடுநல்வாடைக் கோவலர் கொள்ளியில் கை காய்ந்து நடுங்கியதும் கூதிரில்தான்.

கூடலூர், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, அந்தக் கணக்கில் கூத்தும் சுருங்குவதுதானா? லூபஸ் என்றால் இலத்தீனில் ஓநாய். பேசாமல் அதையே வைப்போம் என்றால், எங்கள் முதுமலையில் இருப்பது செந்நாய்! செந்நாய்த் தோல் என்று போட்டால் வனத்துறை வந்து நிற்கும். 'லூபஸ்' அப்படியே இருக்கட்டும்.

கோத்தகிரி, தொடக்கப்பள்ளி ஆசிரியை:
செம்முருடு என்று நான் ஒரு தாயிடம் சொன்னால், பிள்ளை முரட்டுத்தனம் பண்ணினானா என்றுதான் கேட்பார். 'பனிவெடிப்பு' எல்லாருக்கும் தெரியுமே?

உதகை, தோல் மருத்துவர்:
தெரியும், அதுதான் சிக்கல் டீச்சர். உதடும் குதிகாலும் வெடிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். வெண்ணெயோ வாசலினோ தடவிவிட்டு இருந்துவிடுவார்கள்.

ஐயா, கோவலரைக் கையேட்டில் சேர்க்க முடியாது. விறைத்த கையை நேரே கணப்பில் காட்டக் கூடாது, மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும் என்பது மூன்றாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

கூடலூர், மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் 'குளிர்புண் லூபஸ்'. வழிவழி வகைக்கு 'வம்சக் குளிர்புண் லூபஸ்'.

கோத்தகிரி, தொடக்கப்பள்ளி ஆசிரியை:
வம்சம் வேண்டவே வேண்டாம் சார். "எங்க வம்சத்தில இல்லை" என்று மாமியார் ஆரம்பிப்பார், பழி மருமகள் தலையில் விழும். டாக்டர், அப்பா வழியிலும் வருமா?

உதகை, தோல் மருத்துவர்:
யார் வழியிலும் வரும். பெற்றோரில் ஒருவருக்கு அந்தப் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ட்ரெக்ஸ்1 தரும் நொதி, செல்லுக்குள் சிதறிக் கிடக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைக் கூட்டித் தள்ளும் துப்புரவுப் பணியாளர் மாதிரி. அது சரியாக வேலை செய்யாவிட்டால், தன் துணுக்கையே வைரஸ் என்று நினைத்து உடம்பு இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்புப் புரதத்தைச் சுரந்து தள்ளும். ஒட்டுவாரொட்டி இல்லை என்பதையும் எழுதுகிறேன். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். 'மரபுவழி' போதும்.

இன்னொரு தொல்லை. லூபஸ் பெர்னியோ என்று ஒன்று இருக்கிறது. பெர்னியோவுக்கும் குளிரால் வரும் புண் என்றே பொருள். ஆனால் அது சார்காய்டோசிஸ் என்ற, உறுப்புகளில் அழற்சிக் கட்டிகள் தோன்றும் வேறொரு நோயின் தோல் வடிவம், லூபஸே இல்லை. நேராக மொழிபெயர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

கொடைக்கானல், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பார்த்தீர்களா, மூலப்பெயரே குழம்பிக் கிடக்கிறது. அதைக் கடன் வாங்கி நாமும் குழம்புவானேன்? அப்புறம், 'குளிர்புண்' பிழை. குளிர்புனல் வினைத்தொகை, அங்கே வல்லினம் மிகாது. குளிரால் வந்த புண் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. குளிர்ப்புண் என்றே வரும். ஒற்று இல்லாவிட்டால் குளிர்ந்துகொண்டிருக்கும் புண் என்றாகும்.

கூடலூர், மொழிபெயர்ப்பாளர்:
ஒற்றைத் தந்துவிடுகிறேன் ஐயா, கூதிரை நீங்கள் விடுங்கள். பெர்னியோவைக் கையேட்டில் யாரும் தேடப் போவதில்லை.

கோத்தகிரி, தொடக்கப்பள்ளி ஆசிரியை:
எனக்குச் சம்மதம். மூன்று வாரமாகியும் ஆறாத சிவப்பு, ஒவ்வொரு குளிருக்கும் திரும்பும் சிவப்பு என்றால் மருத்துவரிடம் அனுப்பு என்ற வரி பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். எங்களுக்கு அதுதான் வேண்டும்.

உதகை, தோல் மருத்துவர்:
அப்படியே செய்கிறேன். 'மரபுவழிக் குளிர்ப்புண் லூபஸ்' என்று அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று. எல்லாருக்கும் நன்றி.

கொடைக்கானல், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஒற்று விட்டுப்போகாமல் மெய்ப்புப் பாருங்கள். என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். ஒரு பெயரில் மூன்று சொல், அதில் ஒன்று இலத்தீன். இன்டர்ஃபெரானுக்கு நாளை ஒரு தனி இழை தொடங்குகிறேன்.

கூடலூர், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, பொங்கல் கழியட்டுமே.